வணக்கம் போடாத மனிதர்

துளசி அளவுக்கு மரியாதையாக மின்னஞ்சல் எழுத பட்டர்வொர்த் மாக் மண்டின் தொழிற்பேட்டையிலேயே ஆள் கிடையாது என்று அவள் வேலை செய்யும் கம்பெனியில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது யார் என்று துருவிக்கொண்டே போனால் கடைசியில் துளசியிடமே போய் நிற்கும். அதற்காக அது பொய் என்று ஆகிவிடாது.

கம்பெனி சின்னது. வெள்ளை நுரைப்பலகையைக் குடைந்து தட்டு செய்வார்கள். மருத்துவக் கருவி, கேமரா போன்ற சாமான்கள் அந்தக் குழிக்குள் அசையாமல் உட்கார்ந்து ஊர் ஊராகப் போகும். துளசி பத்தொன்பது வயதில் பெட்டி ஒட்டும் வேலைக்கு வந்தவள். எட்டு வருஷம் ஒட்டினாள். பிறகு ஆபீஸில் இருந்த பெண் பிரசவத்துக்குப் போனாள். "ரெண்டு மாசம் பாத்துக்கோ" என்று சொல்லிக் கம்ப்யூட்டரைத் துளசியிடம் கொடுத்தார்கள். போனவள் திரும்பவே இல்லை. இப்போது துளசிக்கு நாற்பத்தாறு வயது. எந்தத் தட்டு எப்போது வரும் என்று வாடிக்கையாளர்களுக்குப் பதில் எழுதுவதும், லோரியை ஏற்றி அனுப்புவதும் அவள் பொறுப்பு.

பள்ளியில் ஆங்கிலம் தேறியதே அம்மன் புண்ணியம். அதனால் வருகிற மின்னஞ்சல்களைப் படித்தே எழுதக் கற்றுக்கொண்டாள். யாராவது ஒரு வாக்கியத்தை அழகாக எழுதியிருந்தால் எடுத்து வைத்துக்கொள்வாள். அடுத்த வாரமே அது வேறொருவருக்குப் போய்ச் சேரும். ஜப்பான்காரர் ஒருவர் மழைக்காலத்தைப் பற்றி விசாரித்து எழுதிய வரி, துளசியின் புண்ணியத்தில் ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் எத்தனையோ முறை போய் வந்திருக்கிறது.

அவள் எழுதுகிற மின்னஞ்சலில் முதலில் வணக்கம் இருக்கும். அப்புறம் நலம் விசாரிப்பு. போன கடிதத்துக்கு நன்றி, இதுவரை பொறுத்ததற்கு நன்றி, இனிமேல் பொறுக்கப்போவதற்கு முன்கூட்டியே நன்றி. அடியில் பெயர், பதவி, போன் நம்பர், காகிதத்தில் அச்செடுக்கும் முன் மரங்களை நினைக்கச் சொல்லிப் பச்சை எழுத்தில் ஒரு வேண்டுகோள். கேட்ட விஷயம் எங்கே என்று கேட்டால், அது வாழையிலையில் வைத்த ஊறுகாய் மாதிரி ஏதோ ஒரு மூலையில் இருக்கும்.

அதற்கு அவளிடம் நியாயம் உண்டு. "வாயால பேசுறப்ப ‘லா’ன்னு ஒண்ணு போட்டாப் போதும். ‘முடியாது’ன்னா சண்டை, ‘முடியாது லா’ன்னா சிநேகம். மெயில்ல எங்க போய் லா போடுறது? அதான் ரெண்டு தேங்க் யூ கூடப் போடுறேன்" என்பாள்.

எழுதுவதைவிட அவளுக்குப் பிடித்தது மற்றவர்கள் எழுதியதைப் படிப்பது. ஆளைப் பார்க்காமலே அவர்கள் எழுத்தை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பாள். திங்கட்கிழமை காலையில் ஆச்சரியக்குறி நிறையப் போடுகிறவர் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்தவர். எல்லாக் கடிதத்துக்கும் தன் முதலாளிக்கு ஒரு நகல் போடுகிறவர் பயந்தாங்கொள்ளி. சாயங்காலம் கடல் தாண்டித் தீவில் இருக்கும் ஜெலுத்தோங் ஃபிளாட்டில் சாப்பிட உட்கார்ந்ததும் இதையெல்லாம் கணவர் தயாளனிடம் ஒப்பிப்பாள். அவர் பஸ் ஓட்டுகிறவர், நாள் முழுக்க ஆட்களை நேரிலேயே பார்த்து அலுத்தவர்.

"நீ மெயில் படிக்கிறியா, ஜாதகம் பாக்குறியா?" என்று கேட்டுவிட்டு அவர் மீனை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

அவளுடைய ஜாதகத்துக்குச் சிக்காத ஒரே ஆள் அஸ்ஹர்.

தீவின் தெற்கே பாயான் லெப்பாஸில் மருத்துவக் கருவி செய்யும் ஒரு பெரிய தொழிற்சாலை இருக்கிறது. துளசி கம்பெனியின் தட்டுகளில் பாதிக்கு மேல் அங்கேதான் போகும். அங்கே ஸ்டோருக்குப் பொறுப்பாளர் அஸ்ஹர். அவர் எழுதுவது ஒரே வரி. சில நாள் அந்த ஒரு வரிகூடக் கிடையாது, தலைப்பிலேயே எழுதி முடித்துவிடுவார். ‘தட்டு எப்போ?’ ‘நாலு பெட்டி குறையுது.’ ‘இன்னிக்கு வேணாம். நாளைக்கு.’ மேலே வணக்கம் இல்லை, கீழே பெயர் இல்லை. துளசி பதினான்கு வரியில் பூவும் பொட்டும் வைத்துப் பதில் அனுப்பினால், ‘சரி’ என்று வரும்.

ஆறு வருஷமாக இதே கதை. முதல் வருஷம் அவளுக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. ‘ஒரு ஹலோ சொன்னா இந்த மனுஷனுக்கு முத்தா உதிர்ந்துடும்?’ என்று திரையைப் பார்த்துத் திட்டினாள். அப்புறம் எரிச்சல் போய் ஆர்வம் வந்துவிட்டது. இவர் மலாய்க்காரரா, நம்மவரா? கிழவரா, இளவட்டமா? வீட்டிலும் இப்படித்தானா? கம்பெனியில் எல்லாம் எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்பது சட்டம், அதனால் போன் போட்டுப் பேசவும் வழி இல்லை. லோரி ஓட்டுகிற வேலு அண்ணனிடம் கேட்டுப் பார்த்தாள். வேலு அண்ணன் ஒரு நாளைக்கு இருபது சொல் பேசுவார், அதில் பதினைந்து சாப்பாட்டுக் கடையில் செலவாகிவிடும்.

"நல்ல மனுஷன்" என்றார். அதோடு சரி.

நல்ல மனுஷன் என்பது துளசிக்கும் தெரியாமல் இல்லை. ஒரு தடவை தீவுக்குப் போகும் பாலத்தில் விபத்து. லோரி மூன்று மணி நேரம் நடுப்பாலத்தில் மாட்டிக்கொண்டது. துளசி பதறிப்போய் இருபது வரியில் மன்னிப்புக் கேட்டு எழுதினாள். அனுப்பி ஒரு நிமிஷம் ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. ‘வாசல் ஜாகாகிட்ட சொல்லிட்டேன். எப்ப வந்தாலும் எறக்குறேன்.’ அன்றைக்கு ஷிப்ட் முடிந்த பிறகும் வீட்டுக்குப் போகாமல் நின்று அவரே இறக்கிக்கொண்டார். துளசி அதற்கு ஒரு நீண்ட நன்றி அனுப்பினாள். அவர் ‘சரி’ என்றார்.

இந்த வருஷம் மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. துளசி அதை மூன்று தரம் படித்தாள்.

மதிப்புக்குரிய திருமதி துளசி அவர்களுக்கு இனிய காலை வணக்கம் என்று தொடங்கியது. தாங்களும் தங்கள் குழுவினரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்பியது. தங்களின் இடையறாத ஆதரவுக்கு நன்றி கூறி, வசதிப்படும்போது தட்டுகள் வரும் தேதியைத் தெரிவித்தால் பெரிதும் கடமைப்பட்டிருப்போம் என்று முடிந்தது. கீழே முழுப்பெயர், பதவி, போன் நம்பர் எல்லாம் இருந்தன.

அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. சந்தேகம்தான் வந்தது. ஏமாற்றுப் பேர்வழிகள் வாடிக்கையாளர் பெயரில் எழுதுவார்கள் என்று போன வருஷம்தான் ஒரு நாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். முகவரியை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தாள். அவருடையதுதான். ஆள் மாறிவிட்டாரா? உடம்புக்கு ஏதாவதா? வேலையை விட்டுப் போய்விட்டாரா?

அடுத்தடுத்த நாட்களிலும் அப்படியேதான் வந்தது. படிக்கப் படிக்க அவளுக்கு வேறொன்றும் புலப்பட்டது. முன்பெல்லாம் காலை ஏழரைக்கும் பதில் வரும், சாப்பாட்டு நேரத்திலும் வரும். இப்போது எது எழுதினாலும் நாலைந்து மணி நேரம் கழித்துத்தான் வருகிறது. பத்து மணிக்கு முன்னால் வருவதில்லை, மூன்று மணிக்குப் பின்னால் வருவதில்லை. ஒரு நாள் லோரி கொஞ்சம் தாமதம் என்று எழுதினாள். அதற்குப் பதில் மறுநாள்தான் வந்தது. இதற்கிடையில் வாசல் காவலாளிக்குத் தகவல் போகாததால் வேலு அண்ணன் வாசலிலேயே இரண்டு மணி நேரம் நின்றுவிட்டுச் சரக்கோடு திரும்பி வந்தார். ஐந்து வாரத்தில் இப்படி மூன்று தடவை நடந்தது.

மூன்றாவது தடவை துளசி லோரி நிறுத்துகிற இடத்துக்கே இறங்கிப் போனாள்.

"வேலு அண்ணே, அங்க என்னதான் நடக்குது? அந்த அஸ்ஹர் இருக்காரா, போய்ட்டாரா? சொல்லாம நீங்க வீட்டுக்குப் போவ முடியாது."

வேலு அண்ணன் லோரிக் கதவைச் சாத்தினார். அவளைப் பார்க்காமல் கையுறையைக் கழற்றிக்கொண்டே, அவள் வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து கேட்டதிலேயே மிக நீளமான பேச்சைப் பேசினார்.

"இருக்காரு தங்கச்சி. நம்மாளுதான், தமிழ் முஸ்லிம். நாப்பது வயசுகூட ஆவல. நான் போனா குடிக்க தே ஐஸ் வாங்கிக் குடுக்காம விடமாட்டாரு. இப்ப மூஞ்சியே இல்ல. யாரோ சப்ளையர் அவரு மெயில எல்லாம் எடுத்து எச்.ஆருக்குப் போட்டுக் குடுத்துட்டாங்களாம். மீட்டிங்ல பெரிய திரையில காட்டியிருக்காங்க. பேர மறைச்சாங்களாம், ஆனா எல்லாருக்கும் தெரியுமே, யாரு அப்படி எழுதுவான்னு. எல்லாரும் சிரிச்சிருக்காங்க. மூணு மாசம் கெடு. மரியாத கிளாசுக்குப் போவணும், எழுதுற ஒவ்வொரு மெயிலும் எச்.ஆர்ல பாத்து ஓகே சொன்னாத்தான் வெளிய போவும். திருந்தலேன்னா ஸ்டோர்லேர்ந்து தூக்கிடுவாங்க. பதினஞ்சு வருஷ ஸ்டோரு."

"யாரு போட்டுக் குடுத்தது?"

"அத அவரு சொல்லமாட்டேங்கிறாரு" என்று சொல்லிவிட்டு வேலு அண்ணன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

துளசி அங்கேயே நின்றாள். அவளுக்கு யார் என்று தெரிந்துவிட்டது.

ஜனவரி மாதம் அந்தத் தொழிற்சாலையிலிருந்து ஒரு படிவம் வந்திருந்தது. சாமான் தருகிற கம்பெனிகள் எல்லாம் தங்களுடைய அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். வருஷா வருஷம் வருகிறதுதான். "எல்லாத்துக்கும் நல்லாருக்குன்னு டிக் போட்டு அனுப்பிடு லா" என்று மேனேஜர் குணாளன் அதை அவளிடம் தள்ளிவிட்டார். துளசியும் எல்லாவற்றுக்கும் முழு மார்க் போட்டாள். கடைசியில் ‘மேம்படுத்த வேண்டியது ஏதேனும் உண்டா? உதாரணம் தருக’ என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. கட்டத்தைக் காலியாக விடுவது மரியாதை இல்லை என்பது துளசியின் கட்சி. பள்ளிப் படிவமோ பாஸ்போர்ட் படிவமோ, அவள் எதையும் காலியாக விட்டதில்லை. அஸ்ஹரின் பழைய வரிகளில் நல்லதாக நான்கைப் பொறுக்கி அங்கே ஒட்டினாள். கீழே, ‘ஓரிரு வணக்கச் சொற்கள் இருந்தால் பெரிதும் மகிழ்வோம்’ என்று எழுதினாள். எழுதும்போது அவளுக்குச் சிரிப்பு வந்தது. யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்றுதான் நினைத்தாள். பிள்ளையார் பிடிக்கப்போய்க் குரங்காய் முடிந்தது.

அன்று வீட்டுக்குப் போகும்போது தீவுக்குப் போகும் ஃபெரியில் மோட்டார் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தத் திரையும் அதைப் பார்த்துச் சிரித்தவர்களும்தான் கண்ணில் நின்றார்கள். ஆறு வருஷமாக அந்த மனிதர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துகொள்ளத் துடித்தவள் அவள். தெரிந்துகொண்ட விதத்தை நினைத்து வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

மறுநாள் குணாளனிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்டவர் இல்லை, பயப்படுகிறவர்.

"துளசி, அது அவங்க வீட்டுச் சண்ட. வேலியில போற ஓணான எடுத்து மடியில விட்டுக்காதே. பாதி ஆர்டர் அங்கேர்ந்துதான் வருது. நாம ஏதாச்சும் எழுதப்போயி, இவங்க ஏன் உள்ள வந்து தலையிடுறாங்கன்னு நெனச்சா என்ன பண்றது?"

"நான் எழுதினதாலதானே போஸ் அவருக்கு இப்படி ஆச்சு?"

"நீ உள்ளததானே எழுதின? விடு லா."

அவளால் விட முடியவில்லை. அங்கே எச்.ஆர் தலைமையில் இருப்பவர் ரோஹானா என்ற பெண்மணி. அவருக்கு எழுத உட்கார்ந்தாள். சேர்த்து வைத்திருந்த வாக்கியங்களை எல்லாம் கூப்பிட்டாள். ‘தங்களின் மேலான கவனத்துக்குப் பணிவுடன் கொண்டுவர விரும்புவது என்னவென்றால்’ என்று ஒரு கடிதம் எழுதினாள். ஒரு பக்கம் ஓடியும் அஸ்ஹர் பெயர் வரவில்லை. அழித்தாள். ‘படிவத்தின் வழியாக ஏற்பட்டிருக்கக்கூடிய ஏதேனும் தவறான புரிதலுக்கு வருந்துகிறோம்’ என்று இன்னொன்று எழுதினாள். இது நன்றாக இருக்கிறதே என்று திரும்பப் படித்தவள் அப்படியே நிறுத்திவிட்டாள். இந்த வாக்கியத்தில் தப்பு செய்தது யார்? யாருமே இல்லை. அவள் மடியில் இருந்த தப்பை அலுங்காமல் எடுத்துத் தெருவில் இறக்கிவிட்டிருந்தது அந்த வாக்கியம். ஒவ்வொன்றாகத் தேடிப் பார்த்தாள். அவ்வளவு பெரிய சேமிப்பில், ‘இதை நான்தான் செய்தேன்’ என்று சொல்ல ஒரு வரி அகப்படவில்லை. இத்தனை வருஷம் மரியாதை என்று நினைத்துச் சேர்த்ததில் பாதி, ஒளிந்துகொள்வதற்கான இடமாக இருந்தது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

மத்தியானம் வரை அழித்து அழித்து எழுதினாள். கடைசியில் இதுதான் மிஞ்சியது.

‘ரோஹானா அவர்களுக்கு. ஜனவரி மாதப் படிவத்தில் அஸ்ஹருடைய மின்னஞ்சல்களை ஒட்டியவள் நான். அது புகார் இல்லை. கட்டத்தை நிரப்ப எழுதினேன், அதனால் ஒருவருக்கு என்ன ஆகும் என்று யோசிக்கவில்லை. தப்பு என்னுடையது. ஆறு வருஷத்தில் அவர் எங்களைப் பதிலுக்காகக் காக்க வைத்ததே இல்லை, எங்கள் லோரியை வாசலில் நிறுத்தியதே இல்லை. அவர் நன்றாக எழுதத் தொடங்கிய ஐந்து வாரத்தில் லோரி மூன்று தடவை திரும்பி வந்துவிட்டது. அவரைப் பழையபடி எழுத விடுங்கள். துளசி.’

குணாளனுக்குத் தெரியாமல் அனுப்ப அவளுக்கு மனம் வரவில்லை. அவருக்கும் ஒரு நகல் போட்டாள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள். கண்ணாடி அறைக்குள் குணாளன் திரையை நெருங்கிப் படிப்பது இங்கிருந்தே தெரிந்தது. அவர் எழுந்து வெளியே வந்தார். வேலை போய்விட்டது என்றுதான் அவள் நினைத்தாள்.

"ஒரு தேங்க் யூகூடப் போடலயே நீ" என்றார் அவர்.

"இல்ல போஸ்."

"சரி லா. ஆர்டர் போச்சுன்னா ரெண்டு பேரும் போய்ப் பொட்டி ஒட்டுவோம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

இரண்டு நாள் பதில் இல்லை. துளசிக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ரோஹானாவிடமிருந்து வந்தது. துளசியின் கடிதத்தைக் கூட்டத்தில் படித்தார்களாம். திங்கட்கிழமை முதல் அஸ்ஹரின் கடிதங்களை யாரும் சரிபார்க்க மாட்டார்கள், ஸ்டோர் அவரிடமே இருக்கும். படிவத்தைப் பார்த்ததும் தாங்கள் துளசியைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்க வேண்டும் என்று ரோஹானா எழுதியிருந்தார். கீழே இன்னொரு விஷயமும் இருந்தது.

‘வகுப்பின் முதல் நாள், யாரை வருத்தியிருக்கிறோமோ அவருக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னோம். அஸ்ஹர் உங்களுக்குத்தான் எழுதினார். படிவத்தை அனுப்பியது நீங்கள் என்று அவருக்குத் தெரியும். மிகவும் சுருக்கமாக இருக்கிறது என்று மூன்று முறை திருப்பிக் கொடுத்தோம். ஒரு சொல்கூடச் சேர்க்க மறுத்துவிட்டார். அதனால் அனுப்பாமலே வைத்திருந்தோம். இது உங்களுக்கு வந்திருக்க வேண்டியது.’

இணைப்பைத் திறந்தாள். ஐந்து வாரமாக அங்கே கிடந்த கடிதம்.

‘உங்களுக்கு வருத்தம்னு எனக்குத் தெரியாது. மன்னிச்சுக்குங்க. நாம பழகிட்டோம்னு நெனச்சேன்.’

துளசி கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவளுக்கு ஒரு தம்பி உண்டு, பட்டர்வொர்த்தில் இருக்கிறான். அவன் வீட்டுக்கு வந்தால் வணக்கம் சொல்லிக்கொண்டா வருகிறான்? செருப்பைக் கழற்றும்போதே ‘சோறு இருக்கா?’ என்றுதான் கேட்பான். சாப்பிட்டு எழுந்து நன்றி சொன்னால், இவனுக்கு என்ன ஆச்சு என்று அவளே பயந்துவிடுவாள்.

பதில் எழுதத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை. அஸ்ஹரின் மரியாதைக் கடிதங்களுக்கு அடியில் அவருடைய நம்பர் இருந்தது. எழுத்தில்தான் இருக்க வேண்டும் என்ற சட்டத்தை அன்றைக்கு ஒரு நாள் ஓரமாக வைத்துவிட்டு போனை எடுத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்துவிட்டார். பின்னால் ஏதோ வண்டி பின்வாங்குகிற சத்தம் கேட்டது.

"நான் துளசி பேசுறேன். மாக் மண்டின்லேர்ந்து."

அந்தப் பக்கம் சத்தம் குறைந்தது. போனோடு அவர் எங்கோ ஒதுங்கிப் போவது தெரிந்தது.

"சொல்லுக்கா" என்றார்.

அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். அவர் என்ன ஏது என்று கேட்கவில்லை, அவசரப்படுத்தவும் இல்லை. அவள் அழுது முடிக்கும் வரை போனை வைக்காமல் காத்திருந்தார்.